ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது

சிதம்பரத்தில் மனிதரை மனிதராக நடத்துவதன் விலை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐம்பதாயிரம் ரூபாயாக இருந்தது. இப்போது ஏறியிருக்கும். எதுதான் ஏறவில்லை.

இந்த விலை யாரோ சொல்லிக் கேட்டதல்ல. ரேகாவும் அவள் புருஷன் அன்பரசுவும் ரொக்கமாகக் கட்டியது. ரேகா பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்கிறாள். அன்பரசு குமராட்சிக்குப் போய்வரும் மினி பஸ்ஸில் டிரைவர். இரண்டு பேருக்கும் பிழைப்பு டவுனில், வீடு மட்டும் குமராட்சிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில். கொள்ளிடம் பெருகுகிற வருஷங்களில் அந்த வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். பெண் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது டவுனுக்கே குடி வந்துவிடலாம் என்று முடிவு செய்து, கண்ணாயிரம் என்ற வீட்டு புரோக்கரைப் பிடித்தார்கள்.

கண்ணாயிரம் பதினொரு வீடு காட்டினார். பதினொரு வீட்டிலும் நல்ல தண்ணீர் வந்தது, நல்ல காற்று வந்தது, வீட்டுக்காரர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். குமராட்சிப் பக்கம் என்றால், குமராட்சியில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பக்கத்தைச் சொன்னால், கோயில் எந்தக் கோயில் என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேட்பது மரியாதை இல்லை அல்லவா, அதனால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் அவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது: தம்பி மகன் ஒருத்தன் மாற்றலாகி வருகிறான், வீடு அவனுக்கு. சிதம்பரத்தில் ஒரே மாதத்தில் பதினொரு தம்பி மகன்கள் மாற்றலாகி வந்தார்கள்.

பன்னிரண்டாவது வீடு ராஜமாணிக்கத்தினுடையது. கடலூரில் மஞ்சக்குப்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். சிதம்பரத்து வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறவர். போக்கியம் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இது ஏட்டில் இருப்பது. நடப்பில், அந்தத் தொகை கைக்கு வந்த மறுநாளே வீட்டுக்காரருக்கு வேறு ஏதாவது செலவு வந்துவிடும். அடுத்துக் குடிவருகிறவர் கொடுத்தால்தான் முன்னால் இருந்தவருக்குக் கிடைக்கும். கடைசியாக வந்தவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ராஜமாணிக்கம் ஊர் கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை. மூன்றரை லட்சம் கேட்டார். அதே தெருவில் அதே அளவு வீடு மூன்று லட்சத்துக்குப் போயிருந்தது. அந்த ஐம்பதாயிரம் எதற்கு என்று அன்பரசு டீக்கடையில் வைத்துக் கண்ணாயிரத்திடம் கேட்டான்.

"ஒண்ணும் கேக்காம இருக்காரு பாரு, அதுக்குத்தான் தம்பி. பெரிய மனசு. மத்தவன் காசையும் வாங்கிக்குவான், கேள்வியும் கேப்பான்."

பெரிய மனசுக்கு ரசீது கேட்க முடியாது. கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்தார்கள், சீட்டை எடுத்தார்கள், அன்பரசு பஸ் முதலாளியிடம் முன்பணம் வாங்கினான். தொகை சேர்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ரேகா பிடிவாதமாக இருந்தாள். ஊரில் பாதிப் போக்கியம் நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி மடித்துப் பீரோவில் வைப்பதோடு சரி. அவளோ தினமும் பத்து பேருடைய பத்திரத்தை டைப் செய்கிறவள். பதிவு செய்யாத காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும். பதிவு செய்தே ஆகவேண்டும் என்றாள். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரத்துச் சொச்சம் அவர்களே கட்டுவதானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ராஜமாணிக்கம் தாராளமாகச் சம்மதித்தார்.

பத்திரத்தையும் அவளே டைப் செய்தாள். தொழிலில் யாரும் ஒன்றையும் புதிதாக எழுதுவதில்லை. காலையில் முடித்த ஒரு கிரயப் பத்திரம் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. பேர்களை மாற்றினாள், சொத்து விவரத்தை மாற்றினாள், 'கிரயம்' என்று வருகிற இடமெல்லாம் 'போக்கியம்' என்று ஒரே தட்டில் மாறும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். கம்ப்யூட்டர் முப்பத்தொரு இடத்தில் மாற்றியது. கடைசிப் பத்தியில் கிரயம் என்ற சொல்லே இல்லை. அதனால் அதை விட்டுவிட்டது. வீட்டை விற்கிறவர் வாங்குகிறவரைப் பார்த்துச் சொல்லும் பத்தி அது: 'இன்று முதல் மேற்படி வீட்டைத் தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.'

எழுத்தர் பார்த்தார், ராஜமாணிக்கம் பார்த்தார், இரண்டு சாட்சிகள் பார்த்தார்கள், பதிவு அலுவலகத்திலும் பார்த்தார்கள். பத்திரத்தில் மனிதர்கள் படிப்பது இரண்டு இடம்: தொகை, கையெழுத்துக்கு விட்டிருக்கும் கோடு. பத்திரம் சுபமாகப் பதிவாகியது.

மூன்று வருஷம் ஓடியது. ராஜமாணிக்கம் பெயிண்ட் வியாபாரி என்பதற்கு அந்த வீட்டில் ஒரு அடையாளமும் இல்லை. சுவர் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் யாரும் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. அன்பரசு இதுவே போதும் என்றான். ரேகாவுக்குப் போதவில்லை. அவள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை, யாருடைய பெரிய மனசையும் நம்பாமல் பூட்டித் திறக்க ஒரு கதவு.

அப்போதுதான் ஊருக்கு வெளியே அரசாங்கத்தின் குடியிருப்பு வாரியம் ஏழைகளுக்காக அடுக்குமாடி கட்டுகிறது என்ற செய்தி வந்தது. மாதச் சம்பளம் குறைவாக இருக்க வேண்டும், எங்கேயும் சொந்த வீடு இருக்கக் கூடாது. இந்த இரண்டு தகுதியும் தனக்கு இருக்கிறது என்று அறிந்தபோது ரேகாவுக்கு முதல்முறையாக ஏழ்மையால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று பட்டது. மனு போட்டாள். வீடுகள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மனுக்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஆள் ஒருவருக்கு ஒரு கதவு கொடுக்கலாம் என்று பார்த்தால்கூட ஜன்னல் கதவையும் சேர்த்தால்தான் தேறும். இன்னும் கட்டலாமே என்று கேட்ட ஒருவரிடம், முதலில் இதற்கு வரவேற்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம் என்று பதில் சொன்னார்களாம்.

கடலூரில் குலுக்கல் வைத்தார்கள். ஒரு தகர டிரம்மில் நாலாயிரம் சீட்டைப் போட்டுச் சுற்றினார்கள். டிரம் எந்த ஊர் என்று கேட்கவில்லை, எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. நூற்றுப் பதினேழாவது பெயராக ரேகாவைத் துப்பியது. இருபத்தைந்தாம் தேதிக்குள் ஆவணங்களைச் சரிபார்த்து, பயனாளி பங்குத் தொகையாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்ட வேண்டும். தவறினால் வீடு காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவரும் பக்கத்திலேயே நின்று ரேகாவை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் தேதி அவள் கடலூர் அலுவலகத்துக்குப் போனாள். சரிபார்ப்புப் பிரிவில் ஜான்சி என்ற அம்மாள். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் சரி. குடியிருக்கும் முகவரிக்கு அத்தாட்சி கேட்டபோது ரேகா பெருமையோடு பதிவு செய்த போக்கியப் பத்திரத்தின் நகலை நீட்டினாள். மற்றவர்கள் கேஸ் பில்லும் கரண்ட் பில்லும் வைத்திருக்க, அவளிடம் மட்டும் முத்திரை போட்ட பத்திரம்.

ஜான்சி அதைப் படித்தார். தொகையோடு நிற்கவில்லை. பக்கம் திருப்பி, விரலை வைத்துக்கொண்டு, கடைசிப் பத்தி வரை படித்தார். பத்திரம் எழுதி மூன்று வருஷத்தில் அதை முழுதாகப் படித்த முதல் மனிதப் பிறவி அவர்தான். அரசாங்க அலுவலகத்தில் கவனமாக வேலை செய்கிறவர்களால் மக்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்கு ரேகாவுக்கு விளங்கியது.

"உங்களுக்குத்தான் வூடு இருக்கே" என்றார் ஜான்சி.

ரேகா போக்கியம் என்றாள். கிரயப் பத்திரத்திலிருந்து தவறுதலாக வந்துவிட்ட வரி என்றாள். டைப் செய்ததே தான்தான் என்பதையும் சொன்னாள், சொல்லியிருக்க வேண்டாம்.

"எனக்குப் புரியுதும்மா. எங்க மாமியாரே போக்கியத்துலதான் இருக்காங்க. ஆனா ஆடிட்டுக்கு வர்றவருக்கு மாமியார் இருக்காங்களோ இல்லையோ. புத்திர பௌத்திரன்னு எழுதிக் குடுத்துட்டு வூடு இல்லன்னு சொன்னா நான் எப்படி டிக் அடிக்கறது."

பிழைதிருத்தப் பத்திரம் போட்டால் போதாதா என்று ரேகா கேட்டாள். வீடு கிடைத்த பிறகு பிழையைக் கண்டுபிடித்தால் அதுவே ஒரு பிழையாகத் தெரியும் என்றார் ஜான்சி. அந்தப் போக்கியமே முடிந்துவிட்டது, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டில் எந்தப் பாத்தியமும் இல்லை என்று வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு ரசீதுப் பத்திரம் பதிவு செய்து இருபத்தைந்துக்குள் கொண்டுவந்தால் டிக் அடிப்பதாக வாக்குக் கொடுத்தார். எப்படியும் பங்குத் தொகைக்கு அந்தப் போக்கியப் பணத்தைத்தான் ரேகா நம்பியிருந்தாள். ஆகவே இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடிகிறது. அந்த இடமும் பத்து நிமிஷ நடையில்தான் இருந்தது.

ராஜமாணிக்கம் கடையில் இருந்தார். யாரோ ஒருவருக்கு வண்ண அட்டையை விரித்து, இளமஞ்சளுக்கும் வெளிர்மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை லிட்டருக்கு நாற்பது ரூபாய் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ரேகாவை உட்காரவைத்து, டீ வரவழைத்தார். அவள் பணம் வேண்டும், ரசீதுப் பத்திரம் வேண்டும், வாரியத்து வீடு கிடைத்திருக்கிறது என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றார். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் செய்யாத காரியம்.

"இருவத்தஞ்சாம் தேதிக்குள்ள வேணும் சார்."

ராஜமாணிக்கம் வண்ண அட்டையை மடித்துவைத்தார். கையில் ரொக்கம் எங்கே இருக்கிறது, எல்லாம் சரக்கில் கிடக்கிறது என்று சுற்றியிருந்த டப்பாக்களைக் காட்டினார். அடுத்த போக்கியத்துக்கு ஆள் வரட்டும், கண்ணாயிரத்திடம் சொல்லிவை, வந்ததும் கொடுத்துவிடலாம் என்றார். அவசரம் என்றால் ஒரு வழி இருக்கிறது. மனைவியின் தம்பியிடம் கைமாற்றாகக் கேட்டு இரண்டே முக்கால் புரட்டலாம். மூன்றரைக்கு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மீதியை, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவைக் கழித்துக்கொண்டு, தீபாவளிக்குள்...

"மூணு வருஷமா அந்த செவுத்துல பெயிண்டே இல்லீங்க."

"அதான்மா செலவு ஜாஸ்தி."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, ஒன்றேகால் மணி நேரம், அவள் மனசுக்குள் எழுபத்தைந்தாயிரத்தை வைத்து வாங்கக்கூடிய பொருள்களை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தாள். கழுத்துச் சங்கிலி நாலாவதாக வந்தது.

அன்பரசு கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றான். அவன் பஸ் ஓட்டுகிறவன்; எதிரே பெரிய வண்டி வந்தால் ஓரம் கட்டுவதுதான் பத்து வருஷப் பழக்கம். பதினைந்தாம் தேதி ஆயிற்று, பதினாறு ஆயிற்று. கண்ணாயிரம் போக்கியத்துக்கு ஆள் கொண்டுவந்தார். ஆனால் ராஜமாணிக்கம் இந்தத் தடவை ஐந்தரை லட்சம் சொல்லியிருந்ததால் வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

பதினெட்டாம் தேதி கண்ணாயிரம் தனியாக வந்தார். ஒரு சமாச்சாரம் இருக்கிறது, கேட்டால் பிரயோஜனப்படும், சும்மா சொல்ல மனசு வரவில்லை என்றார். ஐயாயிரத்தில் ஆரம்பித்து மூவாயிரத்துக்கு இறங்கினார். அன்பரசு கடனாகச் சொல்லும்படி கேட்டான். சமாச்சாரத்தைக் கடனுக்குக் கொடுத்தால் திரும்பி வராது என்ற நியாயமான காரணத்தால் ரொக்கமாக வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

ராஜமாணிக்கம் அந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்து இரண்டு போர்ஷனாக வாடகைக்கு விடப்போகிறார். அதற்கு வீட்டை வைத்துப் பாங்கில் பன்னிரண்டு லட்சம் கடன் மஞ்சூராகியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் பத்திரங்களைக் கொடுத்துப் பணத்தை எடுக்க வேண்டும். பாங்கு வக்கீல் வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் போக்கியம் வந்திருக்கிறது. பத்திர நகலை வாங்கிப் படித்திருக்கிறார். வக்கீல் என்பதால் அவருக்கும் கடைசிப் பத்தி வரை படிக்கும் கெட்ட பழக்கம். வீடு யாருடையது என்று ராஜமாணிக்கத்தைக் கேட்டிருக்கிறார்.

"மாமா மொகத்த நீங்க பாக்கணுமே. மூணு நாளா ஒழுங்கா சாப்புடலயாம்" என்றார் கண்ணாயிரம். ராஜமாணிக்கம் அவருக்கு ஏதோ முறையில் மாமா. உறவுக்காகத்தான் ஐயாயிரத்தில் ஆரம்பித்தார்.

ரேகா கணக்குப் போட்டாள். கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைக் கட்டி அவர் வீட்டை மீட்கலாம். பணம் வேண்டும், வருஷம் வேண்டும். மாதக் கடைசிக்குள் வேண்டுமானால் அவள் கையெழுத்துதான் வேண்டும். அவளுக்கு அவர் கையெழுத்து வேண்டும். அவளுடைய கெடு இருபத்தைந்து, அவருடையது முப்பது. ஐந்து நாள் அவருக்கு அதிகம். அதாவது, பொறுத்திருந்தால் அவர் ஜெயிப்பார். இதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை போட்டபோதுதான் விடை வேறாக வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுக் கடலூர் போனார்கள். ராஜமாணிக்கம் இந்தத் தடவை டீ வரவழைக்கவில்லை. இரண்டே முக்கால் இப்போது இரண்டரையாகிவிட்டது என்றார், மைத்துனருக்குக் கை இறுக்கமாம். யோசிக்கிறதானால் யோசியுங்கள், இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று காலண்டரையும் காட்டினார்.

"அதாங்க சார், சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் ரேகா. "எங்களுக்கு வாரியத்து வூடு வேணாம்."

ராஜமாணிக்கம் அன்பரசுவைப் பார்த்தார். அன்பரசு ஆமாம் என்று தலையாட்டினான். மூணாவது மாடி, லிஃப்டும் இல்லையாம் என்று சேர்த்துக்கொண்டான். அதைச் சொல்லச் சொல்லி ரேகா அவனுக்குப் பஸ்ஸில் வைத்துப் பாடம் சொல்லியிருந்தாள்.

"இருவத்தஞ்சு போயிட்டா அந்த வூடு அடுத்தவங்களுக்குப் போயிடும். போவட்டும். அதுக்கப்புறம் எனக்கு இருக்கறது உங்க வூடு ஒண்ணுதான். அதுல பாத்தியம் இல்லன்னு நான் எதுக்கு சார் கையெழுத்து போடப்போறேன்? இருவத்தாறாந் தேதி வந்து நீங்க மூணரைக்கு மேல குடுத்தாக்கூட எனக்கு வேணாம். பத்திரத்துல என்னா இருக்கு, புத்திர பௌத்திரன்னு இருக்கு. பொண்ணு ஒம்பதாவதுதான் படிக்கிறா. அவளுக்குக் கல்யாணம் ஆயி, புள்ள பொறந்து, அதுங்களும் ஆண்டு அனுபவிச்சிட்டுப் போவட்டும்."

காலண்டரில் இருபத்தைந்து மெல்ல நடந்து தன் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டதை ராஜமாணிக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னே எழுதுனியாம்மா அந்த வரிய?"

ரேகா இல்லை என்றாள். அது சத்தியமான உண்மை. அதனால் அவர் நம்பவில்லை. ஆள் பயங்கரமானவள் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அவளை 'நீங்க' என்று பேச ஆரம்பித்தார்.

பிறகு நடந்தது சாதாரணப் பேரம். மூன்றரையும் ரொக்கமாக, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துக்கு முன்னால், என்றாள் அவள். ராஜமாணிக்கம் நாலு லட்ச ரூபாய் சீட்டு ஒன்று கட்டிவந்தார். அதை ஏலத்தில் எழுபதாயிரம் தள்ளி எடுத்தார். அந்தத் தள்ளல் தனக்குத் தன்னால் வந்த நஷ்டம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் இருப்பது மூன்று லட்சத்து முப்பது, மேற்கொண்டு என்னை விற்றாலும் வராது என்றார். விற்றுப் பார்க்கலாமே என்று ரேகாவுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. இருபதாயிரம் பாக்கி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

அங்கேதான் ராஜமாணிக்கத்துக்கு வியாபார மூளை திரும்பி வந்தது. வாரியத்து வீட்டுக்கு எப்போது குடி போகிறீர்கள் என்று விசாரித்தார். ரேகாவுக்கு அது தெரியாது. ஜான்சிக்கும் தெரியாது. கட்டடம் முடிந்து பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. திறந்துவைக்க வருகிறவர்களுக்குத் தேதி அமையவில்லை. ரிப்பன் வெட்டாத கதவை யாரும் திறக்கக் கூடாது. அதுவரை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வீட்டிலும் புறாக்கள் பங்குத் தொகை கட்டாமல் குடியிருந்தன.

அதுவரைக்கும் எங்கே போவீர்கள் என்று ராஜமாணிக்கம் கவலைப்பட்டார். மறுபடியும் தெருத் தெருவாக அலைய வேண்டுமா. அந்த வீட்டையே மாத வாடகைக்குத் தருகிறேன் என்றார். ஏழாயிரத்து ஐநூறு. அட்வான்ஸ் அறுபது, தான் தர வேண்டிய இருபதைக் கழித்துக்கொண்டு நாற்பது கொடுத்தால் போதும். தலைக்கு மேலே மாடி கட்டுகிற சத்தத்துக்குத் தனியாக ஒன்றும் வாங்கமாட்டார்.

ரேகா ஏழாயிரம் கேட்டுப் பார்த்தாள். அவர் சுவருக்குப் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். அதற்குள் மாடி வேலை முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வேறு வீடு பார்க்கக் கண்ணாயிரத்தோடு ஒரு மாதம் நடக்க அவளுக்குத் தெம்பில்லை. சரி என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி சிதம்பரம் பதிவு அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிவாகியது. மேற்படி வீட்டில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியமும் இல்லை என்று ரேகா டைப் செய்து, அந்தப் பத்தியை மட்டும் மூன்று தடவை படித்துக் கையெழுத்துப் போட்டாள். ராஜமாணிக்கம் நாலு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை. அன்று மாலையே வாடகை ஒப்பந்தம், பதினொரு மாதம். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் இருந்தவர்கள் ஒரு சாமானைக்கூட நகர்த்தாமல், அடுப்பில் வைத்த உலையைக்கூட இறக்காமல், வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இருபத்து நாலாம் தேதி ஜான்சி இரண்டு பக்கமும் படித்துவிட்டு டிக் அடித்தார். இப்போது உங்களுக்கு வீடே இல்லை என்று நிறைவோடு சொன்னார். பங்குத் தொகை கட்டியதும் ஒதுக்கீட்டு ஆணை வந்தது: இ பிளாக், மூன்றாவது மாடி, எண் பதினொன்று. ரேகா அதை நகல் எடுத்து, அதன் முதுகுப் பக்கத்தில், வெள்ளையாக இருந்ததால், கணக்கை எழுதினாள். கண்ணாயிரம் அதற்குள் வாசலில் வந்து நின்றிருந்தார். யார் குடியிருந்த வீடாக இருந்தால் என்ன, வாடகைக்கு விட்டால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது தொழில் தர்மம் என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.

வரவு
ராஜமாணிக்கம் கொடுத்தது: 3,30,000

செலவு
வாரியத்துக்குப் பங்குத் தொகை: 1,80,000
கூட்டுறவு சங்க நகைக்கடன், வட்டியோடு: 91,000
ரசீதுப் பத்திரச் செலவு: 4,200
வீட்டு அட்வான்ஸ், இருபது கழித்து: 40,000
கண்ணாயிரம், சமாச்சாரத்துக்கு: 3,000
கண்ணாயிரம், இருந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததற்கு: 7,500
ஆக: 3,25,700

கையிருப்பு: 4,300
முதல் மாத வாடகை: 7,500
துண்டு: 3,200

இனிமேல் வாடகை, திறப்பு விழா வரை: 7,500 × ____ மாதம்
மொத்தம்: